கால் மணிக்கு ஒரு பஸ்

நகர மன்றத்தில் மைக் முன்னால் நிற்பவருக்கு இரண்டே நிமிடம். பச்சை விளக்கு, மஞ்சள், பிறகு சிவப்பு. மார்லீன் ஹோஸ்டாட் மஞ்சள் வரும்வரை மூச்சுகூட விடாமல் பேசுவாள் என்று லார்க்ஹில் ஊரில் கிண்டல் செய்வார்கள். பகலெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குத் தட்டு நிரப்பிவிட்டு, கையில் வெங்காய வாடையோடு வந்து நிற்பாள். பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்க வேண்டும். "மார்லீன் ஹோஸ்டாட், நாற்பத்தொன்று, ஃபென்னல் தெரு" என்பாள். ஒரு காரேஜின் மேலே இருந்த வாடகை வீடு அது. ஆனாலும் முகவரி முகவரிதான்.

எல்லாம் மகன் டிராவிஸுக்காக. முப்பது வயது, சின்னதிலிருந்தே வலிப்பு. கார் ஓட்ட லைசென்ஸ் கிடைக்காது. கடைத்தெரு ஹார்டுவேர் கடையில் வேலை. அவன் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பஸ்தான் மணிக்கு ஒன்று. ஒருநாள் நிறுத்தத்திலேயே விழுந்தவன், அடுத்த பஸ் வரும்வரை அப்படியே கிடந்தான். அன்றைக்கு ஆரம்பித்தாள் மார்லீன். வாசல் வாசலாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். பஸ் ஓட்டுகிற ரெஜினால்ட் அவளுக்கு 'மேயரம்மா' என்று பெயர் வைத்துவிட்டான்.

வீட்டுக் கவலையும் இருந்தது. வீட்டுக்கார அம்மாள் போய்ச் சேர்ந்தால் பிள்ளைகள் விற்றுவிடுவார்கள். லார்க்ஹில்லில் ஒரு மனைக்கு ஒரே வீடு என்பது விதி. சமையல்காரி சம்பளத்துக்கு வேறு இடம் ஏது? மூடிக்கிடந்த ஃபர்னிச்சர் கடை மனையில் மூன்று மாடிக் குடியிருப்பு கட்ட ஒருவர் கேட்டபோது, டென்னிஸ் மைதானத்தில் நிழல் விழும் என்று மன்றம் மறுத்துவிட்டது. எதிர்த்துப் பேசியவர்களுக்கு முன்னால் நின்றவர் கார்டன் லெவிட், ஓய்வுபெற்ற பல் டாக்டர். நல்ல மனிதர். வருடாவருடம் தன் மரத்து எலுமிச்சையைப் பையில் போட்டு மார்லீனுக்குத் தருவார்.

வருடக்கணக்கில் அவள் நின்று பேசியதில், கடைசியில் கால் மணி நேரத்துக்கு ஒரு பஸ் வந்தது. "மேயரம்மா, கால் மணிக்கு ஒண்ணு. சந்தோஷமா? இனிமே நான் எப்போ காபி குடிக்கிறதாம்?" என்றான் ரெஜினால்ட். மார்லீன் முன் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை சும்மா போய்வந்தாள்.

அந்த மாதம் மன்றத்துக்கு நன்றி சொல்லத்தான் போனாள். அதோடு விட்டிருக்கலாம். "கால் மணிக்கு ஒரு பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல குடியிருப்பு கட்டினா, நீங்க தடுக்க முடியாதுன்னு மாநிலச் சட்டம் சொல்லுது. ஃபர்னிச்சர் கடை மனை அதுக்குள்ள வருது. பஸ் வந்தாச்சு, இனி வீடும் வரும். எல்லாருக்கும் நன்றி."

யாரும் கைதட்டவில்லை. கார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டப்போகிறவர் இன்னும் புதிதாக மனு போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால், அந்தச் சட்டத்தின்படி பிறகு யாராலும் அசைத்திருக்க முடியாது.

வீடு திரும்பும்போது டிராவிஸ் கேட்டான். "அத ஏம்மா அங்க போய்ச் சொன்ன?"

"நல்ல சேதிதானேடா."

அடுத்த கூட்டத்தில் பஸ்ஸே ஏறாதவர்கள் எல்லாம் பஸ்ஸைப் பற்றிப் பேசினார்கள். சத்தம், புகை, காலி இருக்கை. குடியிருப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கார்டன் எழுந்து, "பஸ் வேணாம்னு யாரு சொன்னா? கால் மணிக்குப் பதிலா இருபது நிமிஷம். அஞ்சு நிமிஷம் கூட நின்னா என்ன குறைஞ்சிடும்?" என்றார். சொல்லிவிட்டு மார்லீனைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த அஞ்சு நிமிஷத்துலதான் எம்புள்ளையோட வீடு இருக்கு" என்றாள் அவள். மைக்கை விட்டு நகர்ந்து தன் இருக்கைக்குப் போனாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பஸ் இருபது நிமிடத்துக்கு ஒன்றானது. மாநிலச் சட்டம் அந்த மனைக்குப் பொருந்தாமல் போனது. கட்டுகிறவர் வேறு ஊர் பார்த்துப் போனார். இருக்கைகள் காலி என்று சொல்லி, பிறகு அது பழையபடி மணிக்கொன்றானது. வீட்டுக்கார அம்மாள் இறந்ததும் காரேஜோடு எல்லாம் விலைபோனது. பள்ளத்தாக்குப் பக்கம், மலைக்கு அந்தப்புறம், மார்லீனின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் ஒரு அறை கிடைத்தது. அங்கே டிராவிஸுக்கு வேலை கிடைக்கவில்லை. ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் விழுந்தவனைக் குடித்திருக்கிறான் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். அதற்குப் பிறகு அவன் வெளியே போவதில்லை. மார்லீன் மட்டும் இருட்டில் எழுந்து, பஸ் மாறி மாறி, லார்க்ஹில் பிள்ளைகளுக்குத் தட்டு நிரப்ப வந்துபோனாள்.

ஒருநாள் வேலை முடிந்து மன்றத்துக்குப் போனாள். எழுத்தர் வழக்கம்போல, "பேரும் முகவரியும்" என்றார்.

"மார்லீன் ஹோஸ்டாட்." அவ்வளவுதான் வந்தது.

ஊர்க்காரர்கள் முதலில், வெளியூர்க்காரர்கள் கடைசியில் என்பது விதி. எழுத்தர் தயங்கினார். பின்வரிசையிலிருந்து கார்டன், "நம்ம மார்லீன்தானே, பேசட்டும்" என்றார். பச்சை விளக்கு எரிந்தது. மஞ்சள் வரும்வரை நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் அவள் உட்கார்ந்திருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. கார்டன் ஜன்னலை இறக்கினார்.

"ஏறுங்க மார்லீன், விட்டுடறேன். இப்ப எங்க இருக்கீங்க?"

ஊர் பெயரைச் சொன்னாள்.

"அடடா. அவ்வளவு தூரமா?" நிஜமாகவே வருத்தப்பட்டார். கை ஸ்டீயரிங்கில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு பின் இருக்கைக்கு எட்டி, ஒரு பையை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். எலுமிச்சை.

அவள் ஏறாமலே கார் போனது. பை மடியில் கனத்தது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.