சித்திரையில் சிக்கிய சைடுகார்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, நான் நாட்காட்டியில் தேதி கிழித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. டேனியலின் மகள் ரோஸி. "மாமா, அப்பா போயிட்டாவ" என்றாள்.

கோவில்பட்டி ரயில் நிலையச் சாலையில் ஒட்டப்பட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில், நானும் அவரும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது பிழை. மலைத்தோட்ட அதிகாரிகளின் கிளப்பில் மதுக்கூடப் பணிக்கு நான் சேர்ந்தது தை மாதம். அவர் வந்தது ஏழு மாதம் கழித்து, ஆவணியில். வேலையில் நானே மூத்தவன். ஆனாலும் அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குள், உள்ளே வரும் ஒவ்வொருவரும் "டேனியல் எங்கே?" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர்.

எங்கள் கிளப்பின் பெயர்பெற்ற பானம் சைடுகார். பிராந்தி, ஆரஞ்சுத் தோல் மது, எலுமிச்சைச் சாறு மூன்றையும் பனிக்கட்டியோடு குலுக்கி வடிப்பது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் பிறந்தது. பிறந்த இடம் பாரிஸா லண்டனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பாரிஸ் முறையில் மூன்றும் சம பங்கு. லண்டன் முறையில் பிராந்தி இரு பங்கு. கோப்பை விளிம்பில் சர்க்கரை ஒட்டுவது அதற்கும் முந்தைய, நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிரஸ்டா என்ற பிராந்திக் கலவையிலிருந்து வந்த வழக்கம். இவற்றையெல்லாம் படித்து, விருந்தினர்களுக்கு முறையாக எடுத்துச் சொன்னவன் நான். அவர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு டேனியல் பக்கம் திரும்புவார்கள்.

"பாரிசாவது, லண்டனாவது! எங்க எட்டயபுரம் ரோட்டுல நடந்தது சார்" என்று அவர் ஆரம்பிப்பார். "சித்திரை மாசம், செம மழை. ஒரு துரை மோட்டார் பைக்குல சைடுகார், அதான் ஆள் உக்கார்ற பக்கத் தொட்டி, மாட்டிக்கிட்டு வாராரு. கரிசல் மண்ணு சக்கரத்தைப் பிடிச்சா விடுமா? எங்க தாத்தா பாத்தாரு. துரை பாட்டில்ல இருந்த பிராந்தியில ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, ஒரு ஆரஞ்சு மிட்டாயையும் போட்டுக் குலுக்கிக் குடுத்தாரு. குடிச்ச துரை வண்டியை மறந்துட்டு நடந்தே போயிட்டான். சைடுகார் இன்னும் அங்கனதான் சார் கிடக்கு!"

கூடம் அதிரும். ஒருமுறை பொறுக்கமாட்டாமல், "கரிசலில் சித்திரையில் ஏதய்யா அப்படி மழை?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

"வேய் கணபதி, உம்ம கதையில தேதி இருக்கு, ஆள் இல்ல. என் கதையில ஆள் இருக்கு, தேதி இல்ல. ரெண்டையும் குலுக்கி ஊத்தும், சரியாப் போவும்" என்றார். அதற்கும் சிரிப்பு.

நான் அளவுக்குவளையில் துளி சிந்தாமல் அளப்பேன். அவர் கண்ணாலேயே ஊற்றுவார். நாற்காலிகள் அவர் பக்கமே நிறைந்தன. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பின்பும் அப்படியே. ஆரஞ்சு மது இங்கே கிடைக்காததால் கமலாத் தோலை பிராந்தியில் ஊறவைத்தார். விளிம்புக்குப் பனங்கற்கண்டைப் பொடித்தார். நானும் அதையே செய்தேன். ஆனால் கிறிஸ்துமஸ் மாலையில் நண்பர்கள் கூடியது அவர் வீட்டில்தான். என் கலவை எப்படி என்று அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் என் புட்டியோடு அங்கே போனேன்.

வெள்ளிக்கிழமை திருப்பலி முடிந்து அவர் வீட்டில் கூடியிருந்தோம். ரோஸி அந்தக் கமலாத் தோல் புட்டியை என்முன் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, நீங்கதான் கலக்கணுமாம். 'கணபதி கை அளவு தப்பாது, என்னைவிட நல்லாக் கலக்குவான், அவன்ட்ட சொல்லிராத'ன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாவ."

சொல்லியிருக்கலாம். நேரில், எல்லோர் முன்னிலையிலும், ஒரே ஒருமுறை சொல்லியிருக்கலாம்.

அளந்து ஊற்றினேன். எல்லோரும் அருந்தினர். பிறகு ஒருவர், "அண்ணாச்சி, அந்தச் சேத்துல மாட்டுன கதையைச் சொல்லுங்களேன்" என்றார். நான் பாரிஸில் தொடங்கினேன். ரோஸியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, எட்டயபுரம் சாலைக்கு வந்தேன். துரை, தாத்தா, ஆரஞ்சு மிட்டாய் என ஒன்றையும் விடவில்லை. மாதத்தை மட்டும் ஐப்பசி என்று திருத்திக்கொண்டேன். பொய்யே ஆனாலும் மழைக்காலத்தில் நடக்கட்டும்.

"சித்திரை, மாமா!" என்றாள் ரோஸி, கண்ணீரோடு. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் அவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். அவருக்கென்று அவர் படத்தின்முன் ஊற்றி வைத்த கோப்பையும், நான் பாதி குடித்து வைத்த கோப்பையும் ஒரே மேசையில் அருகருகே இருந்தன. இரண்டின் விளிம்பிலும் என் கையால் ஒட்டிய அதே கற்கண்டுப் பொடி. எறும்புகள் வரிசையாக என் கோப்பையைச் சுற்றிக்கொண்டு அவருடையதில் ஏறின.

போய் வாரும், டேனியல். பணியில் நான்தான் உமக்கு மூத்தவன் என்பதை மட்டும் அங்கே வருகிறவர்களிடம் சொல்லிவையும்.