காப்பி வண்டியில் இரண்டு சிப்பாய்கள்

கையில் குழந்தையோடு தனியாக இருப்பவள், வாசலில் விழுந்து கிடக்கும் குடிகாரனுக்குக் கதவைத் திறக்கலாமா? எத்தனை முறை யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

அம்பிட்டியவிலிருந்து கண்டி நகருக்கு இறங்கும் பாதையில், காப்பிக் கிடங்கை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. அந்தக் கிடங்கில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் என் கணவர், வரவேண்டிய காப்பியைப் பார்ப்பதற்காக அன்று கம்பளைக்குப் போயிருந்தார். பட்டாளத்துக்குச் சம்பள நாள். விளக்கு வைத்த பிறகும் மழை விடவில்லை. பல் முளைக்கும் வேதனையில் அழுத குழந்தை அப்போதுதான் கண் மூடியிருந்தாள்.

வெளியே சப்பாத்துச் சத்தம். பிறகு ஏதோ விழுந்த சத்தம். யன்னல் இடுக்கால் பார்த்தேன். ஒரு வெள்ளைச் சிப்பாய் எங்கள் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் மழைநீர் ஓடும் கானில் குப்புறக் கிடந்தான். சாராயத் தவறணையிலிருந்து முகாமுக்குப் போகிறவர்கள் வழி மாறி மேட்டுக்கு ஏறி வந்திருக்க வேண்டும்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன்; திறக்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு சிப்பாய் இப்படித்தான் ஒரு வீட்டு வாசலில் தண்ணீரில் கிடந்து செத்துப்போனான். விசாரணைக்கு முதலில் இழுத்துப்போனது அந்த வாசற்காரரைத்தான். திறந்தாலும் பயம், திறக்காவிட்டாலும் பயம். கானில் கிடந்தவனின் முகத்தைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் அடுத்த வளவுக்கு ஓடினேன். அங்கே இருக்கும் வண்டிக்கார நானா, கிடங்குக் காப்பியை ஏற்றி இறக்குகிறவர்.

“நானா, ஒருக்கா ஓடி வாங்கோ! வாசலிலை ரெண்டு வெள்ளைக்காரர் கிடக்கினம்.”

“உசிரோடயா புள்ள?”

“ஒருத்தன் கானுக்குள்ளை.”

அவிழ்த்த மாடுகளை முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் பூட்டினார். கானிலிருந்து இழுத்ததும் அவன் இருமினான். அந்த இருமல் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இருவரையும் வண்டியில் ஏற்றுவதற்குள் நானா களைத்துப்போனார்.

“காப்பி மூட்டையே மேல், தங்கச்சி. மூட்டை வாந்தி எடுக்காது.”

பிறகு வழக்கம்போல் கயிற்றை எடுத்தார். இந்த இறக்கத்தில் எந்தப் பாரத்தையும் கட்டாமல் அவர் வண்டியை நகர்த்தியதில்லை. இருவரையும் வண்டிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

“நீங்களும் ஏறுங்க. அவனுகள்ட பாஷை எனக்கு விளங்காது.”

குழந்தையை விட்டுவரவும் ஆள் இல்லை. ஏறினேன். வழி முழுவதும், படியில் இருந்த இளைஞன் தன் தாயைக் கூப்பிட்டு அழுதான். பிந்திப் போனால் சவுக்கடி கிடைக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இருபது வயதுகூட இருக்காது.

முகாம் வாசலில் காவற்காரன் விளக்கை உயர்த்தினான். சிவப்புச் சட்டைகளும் அவற்றின் மேல் கயிறும் கண்ணில் பட்டதும் துப்பாக்கியை எங்கள் பக்கம் நீட்டி அதட்டிக் கேட்டான். அப்போதுதான் விளங்கியது: அவன் கண்ணுக்கு நாங்கள் சிப்பாய்களைப் பிடித்துக் கட்டி வைத்தவர்கள்!

“என்ன சொல்றான்? பதில் சொல்லுங்க புள்ள!”

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் பதிலாக ஒரு சொல்லும் வரவில்லை. வாயில் வந்தது அங்கே உணவுக்கு முன் ஆங்கிலத்தில் சொல்லும் ஜெபம் மட்டுமே. அதையே உரக்கச் சொன்னேன். காவற்காரன் திகைத்து நின்றான். குழந்தை வீறிட்டாள். கயிற்றுக்குள் இருந்த இளைஞன் அழுகையை விட்டுச் சிரிக்கத் தொடங்கினான். ஜெபத்தின் கடைசி வரியை என்னோடு சேர்ந்து சொன்னான். துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. கயிற்றை அவிழ்த்து இருவரையும் உள்ளே கொண்டுபோனார்கள். அப்போது இரவு வரிசைக்கு அழைக்கும் கொம்பு இன்னும் ஊதப்பட்டிருக்கவில்லை; அவர்கள் சவுக்கடிக்குத் தப்பினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த சம்பள நாளில் எங்கள் வாசலுக்கு நான்கு சிப்பாய்கள் குடித்துவிட்டு வந்தார்கள். காப்பி வண்டி எங்கே என்று கதவைத் தட்டிச் சிரித்தார்கள். கணவர் வீட்டில் இருந்ததால் நானாவும் அவரும் அவர்களை முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். வெளிச்சத்தைக் கண்டுதான் வருகிறார்கள், இனி அந்த நாளில் வாசலில் விளக்கே ஏற்ற வேண்டாம் என்கிறார் கணவர். நானாவோ, “இருட்டா இருந்தா கானுக்குள்ள தானே விழுவானுகள்?” என்கிறார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது.

வருகிற சம்பள நாளில் கணவர் மறுபடியும் கம்பளையில் இருப்பார். குழந்தை இப்போது தவழ்ந்து கதவடிக்கே போய்விடுகிறாள். இதை வாசிக்கும் தாய்மாரே, அன்று நான் வாசலில் விளக்கு வைக்கட்டுமா, வேண்டாமா? உங்கள் வீடாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.