கயிற்றை அறுக்காத சாரங்கு

ரங்கூனின் லத்தா படித்துறையில் லாஞ்சின் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சாரங்கு மாசிலாமணி அண்ணன் காலமாகிவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

நாகப்பட்டினத்திலிருந்து இளவயதில் ரங்கூனுக்குக் கப்பலேறி வந்தவர் அவர். ஐராவதி ஆற்றில் லாஞ்சு ஓட்டிப் பழகி, படகின் முழுப்பொறுப்பையும் ஏற்கும் சாரங்கு ஆனார். 1914-இல் மூண்ட பெரிய யுத்தத்தில், துருக்கியரோடு போரிட்ட ஆங்கிலேயப் பட்டாளம் ஆற்றுப்படகு ஓட்டத் தெரிந்தவர்களைத் தேடியது. அண்ணன் சேர்ந்தார், எஞ்சின்காரனாக நானும் உடன் போனேன். மெசபடோமியாவின் டைகிரிஸ் ஆற்றில் காயம்பட்டவர்களை ஏற்றி வருவது எங்கள் வேலை.

ஒரு மாலை, காயம்பட்டவர்கள் கிடந்த பெரிய படகொன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். நம் சிப்பாய்களோடு, பிடிபட்ட துருக்கியரும் அதில் இருந்தார்கள். நடு ஆற்றில் அது மணல்திட்டில் ஏறிக்கொண்டது. கரையிலிருந்து குண்டுகள் வரத் தொடங்கின. கயிற்றை அறுத்துவிட்டு லாஞ்சைக் காப்பாற்றச் சொன்னார் அதிகாரி.

"அறுக்க மாட்டேன், சாகிப். ஏத்தினது நானு, இறக்குறதும் நானுதான்" என்று தமக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் சொன்னார் அண்ணன். பிறகு என் பக்கம் குனிந்து, "தம்பி, மெதுவாப் பின்னாலே போடு" என்றார். முன்னும் பின்னுமாக இழுத்தோம். தோளில் குண்டு பாய்ந்தும் அவர் சுக்கானை விடவில்லை. இருட்டுவதற்குள் படகு மிதந்தது. அவருக்குப் பதக்கம் கேட்டு எழுதியவர் அதே அதிகாரிதான்.

ரங்கூன் திரும்பியதும் கோயில் மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. நம் வீரர்களைக் காத்தவர் என்று ஒரு பெரியவர் புகழ்ந்தபோது அண்ணன் எழுந்தார்.

"ஐயா, துருக்கிக்காரங்களும் இருந்தாங்க. அவங்களும் தண்ணிதான் கேட்டாங்க. அவங்களையும் சேத்துச் சொல்லுங்க."

பெரியவர் பேச்சை அதோடு முடித்துக்கொண்டார். அவருக்குத் தருவதாகப் பேசியிருந்த துறைமுகப் பதவி பிறகு வரவேயில்லை. அதற்காக அவர் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. பழைய லாஞ்சுக்கே திரும்பினார்.

அன்று அவர் வீட்டுக்கு நான் போனபோது, அவருடைய பர்மிய மனைவி மா சேன் என்னைத் தனியே அழைத்தார்கள். முத்து என்ற என் பெயரோடு, அண்ணன் என்று பொருள்படும் 'கோ'வைப் பர்மிய வழக்கப்படி சேர்த்தே கூப்பிடுவார்கள்.

"கோ முத்து, அங்கே அவர் பயந்தாரா? கேட்டா சிரிப்பார், சொல்ல மாட்டார்."

"பயந்தாங்க. வாய் முருகா முருகான்னுகிட்டே இருந்துச்சு."

"அப்ப சரி" என்றார்கள். "நானும் இங்கே பயந்துகிட்டேதான் இருந்தேன்."

சிட்டகாங்குப் படகோட்டிகளும் பர்மியரும் நம்மவரும் தோள் மாற்றிப் பாடையைச் சுமந்தோம். ஆற்றோரம் வந்தபோது லாஞ்சுகளில் இருந்தவர்கள் வேலையை நிறுத்தி எழுந்து நின்றார்கள். ஓதம் இறங்கி, ஆறு கடலை நோக்கி ஓடத் தொடங்கும் நேரம். புறப்படக் காத்திருந்த படகுகள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தன.

போய் வாருங்கள், அண்ணே.