நிறுத்தக் கூடாத அரைமணி நேரம்

எங்கள் வண்டி பம்பாய் செம்பூரில் எங்கள் தெரு முழுக்கப் பிரசித்தம். வேகத்துக்காக அல்ல, சத்தத்துக்காக. காலையில் என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினால் இரண்டாம் மாடி குஜராத்தி அம்மா ஜன்னலைச் சாத்துவார். சின்ன வண்டிதான். நாலு பேர் ஏறிவிட்டால் ஐந்தாவது ஆள் ஆட்டோ பார்க்க வேண்டும். ஆனால் டீசல். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழும். பெண்ணுக்கு டாக்டர் மாப்பிள்ளை அமைந்ததைச் சொல்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் ஆண்கள் ஒரு கூட்டமாக நிற்பார்கள். பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கம், மீதிப்பேர் தூத்துக்குடிப் பக்கம். தாராவி, சுனாபட்டி, கோவண்டி என்று எங்கெங்கோ இருந்து வருகிறவர்கள். பிரசங்கத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசிவிட்டு மைலேஜுக்கு வந்துவிடுவார்கள்.

"ஹைவேல இருவத்திநாலு குடுக்கு அண்ணாச்சி" என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

"ஏசி போட்டா, போடாமலா?" என்று இன்னொருவர் குறுக்கு விசாரணை செய்வார்.

பொய் சொல்லக் கூடாது என்று அரைமணி நேரம் கேட்டுவிட்டு வெளியே வந்த மனிதர்கள். என் வீட்டுக்காரர் கடைசியாகத்தான் வாயைத் திறப்பார், மற்றவர்களைவிட ஒன்று கூட்டிச் சொல்வதற்கு வசதியாக.

உண்மையில் அவர் ஓட்டுவது செம்பூரிலிருந்து சயான் ஆபீஸ் வரை, சயானிலிருந்து செம்பூர் வரை. சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்கா மார்க்கெட். அந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. முதலில் தூங்கும். ஓரளவு வேகம் பிடித்த பிறகு திடீரென்று விழித்துக்கொண்டு பாயும். சயான் சர்க்கிளில் அந்த வேகம் யாருக்கும் வந்ததில்லை, அதனால் வண்டியின் வீரத்தை நாங்கள் கண்ணால் பார்க்கவே இல்லை. கிளட்ச்சை மிதித்து மிதித்து அவருடைய இடது முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். மீட்டர் பதினாலு காட்டும். "இது டிராபிக் மைலேஜ், இதக் கணக்குல சேக்கப்புடாது" என்பார். அதைத் தள்ளிவிட்டால் கணக்கில் வேறு எதுவுமே கிடையாது.

இவ்வளவு கொஞ்ச தூரத்துக்கு எதற்கு டீசல் என்று எனக்குப் புரியாமல்தான் இருந்தது. புரிந்ததும் அந்தச் சர்ச் வளாகத்தில்தான். கையில் டீ டம்ளரோடு நான் பெண்கள் பக்கம் நிற்கிறேன். அந்தப் பக்கம் இவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ரிட்டயர் ஆனதும் ஊரோட போயிருவோம். அவளுக்கும் அதான் பிரியம். பம்பாய்க்கு வேணும்போது வண்டில வந்துட்டுப் போலாம். டீசலா இருந்தாத்தான அம்புட்டுத் தூரத்துக்குக் கட்டுப்படியாகும்."

என்னுடைய பிரியத்தை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஊரில் அவர் பங்குக்கு வந்த வீட்டின்மேல் மாடி எடுக்கக் கொத்தனாரிடம் பேசியாகிவிட்டது. என் தையல் மெஷினை எந்த ஜன்னலோரம் போடுவது என்பதுவரை யோசித்திருந்தார். அதை ஓட்டுகிறவளிடம்தான் கேட்கவில்லை. அவர் இருபது வயதில் பம்பாய்க்கு வந்தவர். நான் தாராவியில் பிறந்தவள். அவருக்கு ஊர் என்றால் ஊர். எனக்கு அது சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போய், கொசுக்கடியோடு திரும்பி வந்த இடம். மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் எனக்கு வேலை இருக்கிறது, ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைக்கும் சிநேகிதிகள் இருக்கிறார்கள், விலை கேட்டால் மராத்தியில் திட்டிவிட்டு நல்ல மீனாகப் பொறுக்கித் தரும் ஒருத்தி இருக்கிறாள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மாடி அறையில் போய் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. சாதாரணப் பயம் இல்லை, தூக்கம் கெட்ட பயம்.

சொல்லிவிடலாமே என்பீர்கள். என் வீட்டுக்காரரைத் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் கத்த மாட்டார், கையை ஓங்க மாட்டார். பிடிக்காத பேச்சு வந்தால் எழுந்துவிடுவார், அவ்வளவுதான். "இரு, வந்திருதேன்" என்பார். தண்ணீர் மோட்டார் போட, செருப்பைத் தேட, பால்கனியில் துணி காய்ந்ததா என்று பார்க்க. வேறு நாளில் அந்தத் துணியை ஏறெடுத்தும் பார்க்காதவர். திரும்பி வரும்போது பேச்சு ஆறிப்போயிருக்கும். எங்கள் குடும்பத்தில் பல விஷயங்கள் இப்படித்தான் முடிவாகியிருக்கின்றன.

வண்டியில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது அந்தச் சமயத்தில்தான்.

தேவ்நாரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்க உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். ஊர்ந்துகொண்டே இருந்தால் அது அடைத்துக்கொள்ளுமாம். "காடி கோ தௌடாவ், அங்கிள்" என்றார் அங்கிருந்தவர். ஹைவேயில் கொண்டுபோய் ஓட விட வேண்டும். நல்ல வேகத்தில், ஒரே சீராக, அரைமணி நேரம். அந்தச் சூட்டில் கரி தானே எரிந்துவிடும், விளக்கு அணைந்துவிடும். நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் ஃபில்டரையே மாற்ற வேண்டிவரும் என்று சொல்லி அதன் விலையையும் சொன்னார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆக, டீசலை மிச்சம் பிடிக்க வாங்கிய வண்டிக்காக, போக வேலையே இல்லாத இடத்துக்கு டீசலை எரித்துக்கொண்டு போக ஆரம்பித்தோம். விளக்கு எரிந்தால் அந்த ஞாயிறு சர்ச்சிலிருந்து நேராக வாஷிப் பாலம் ஏறி, பன்வேல் பக்கம் போய் எக்ஸ்பிரஸ்வே. காலாப்பூர் வரை ஓட்டம், அங்கே திரும்பி வீடு. நாய் வைத்திருப்பவர்கள் நாயை நடத்திக் கூட்டிப் போவார்கள். நாங்கள் வண்டியை. முதல் தடவை வண்டி நிஜமாகவே பாய்ந்தது. "பாத்தியா, பாத்தியா!" என்று அவர் முகம் மலர்ந்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது தடவை போகும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் அரைமணி நேரமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியாது.

பிறகு நான் அந்த விளக்குக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பேன். ஊரிலிருந்து கொத்தனார் செங்கல் வந்துவிட்டதாகப் படம் அனுப்பிய வாரம், விளக்கு எரிந்தது.

எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி வேகம் நிலைக்கும்வரை பேசாமல் இருந்தேன்.

"இங்கேருங்க, ஒண்ணு சொல்லணும். நான் ஊருக்கு வரல."

"கிறிஸ்மஸுக்கா?"

"எப்பவுமே. நீங்க ரிட்டயர் ஆகிப் போனாலும் நான் வரல. நான் செம்பூர்லதான் இருப்பேன்."

அவருடைய இடது கை ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு பெல்ட்டின் கொக்கிக்குப் போனது. வேறெதற்கு, எழுந்திருக்கத்தான். பிறகு எங்கே இருக்கிறோம் என்று ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டார்.

"வீட்ல போயிப் பேசுவோம்."

"வீட்ல நீங்க உக்கார மாட்டீங்க."

"முன்னால லாரி போகு. பாத்து ஓட்ட விடு."

"ஓட்டுங்க. ஓட்டிக்கிட்டே கேளுங்க."

அவர் கால் ஆக்ஸிலேட்டரில் தளர்ந்தது, முள் இறங்கியது. ஃபில்டரின் விலை ஞாபகம் வந்திருக்க வேண்டும், மறுபடியும் மிதித்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது, வேகம் மட்டும் ஒரே சீராக இருந்தது. அவ்வளவு நல்ல ஓட்டுநரை நான் பார்த்ததில்லை.

"அங்க நான் கடைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள மூணு பேரு 'எங்க போறீய'ன்னு கேக்காங்க. இங்க நான் ட்ரெயின் ஏறி வி.டி. வரைக்கும் போயிட்டு வந்தாலும் ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டாம். நீங்க பொறந்த வீட்டுக்கு நீங்க போறீங்க, சரி. எனக்கு அங்க யாரு இருக்கா? நான் பொறந்தது தாராவில. அங்கேருந்து செம்பூர் வாரதுக்கே எனக்கு முப்பது வயசாச்சு."

நானும் நிறுத்தவில்லை.

முன்னால் போன லாரியை அவர் தாண்டினார். பிறகு கேட்டார்: "இத எப்பலேர்ந்து நெனச்சிக்கிட்டு இருக்க?"

"நீங்க சர்ச்ல சொன்ன அன்னிலேர்ந்து."

"அன்னிக்கே சொல்லிருக்கலாம்லா."

"அன்னிக்கே சொன்னேன். நீங்க மோட்டார் போடப் போயிட்டீங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்த வேகத்தில் அதற்குமேல் பார்க்க முடியாது. அது அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். பாவமாக இருந்தது.

மஞ்சள் விளக்கு அணைந்தது. அவரைவிட நான்தான் அதை முதலில் பார்த்தேன். இனி நிறுத்தலாம், இறங்கலாம், டீ குடிக்கப் போகலாம், டயரை உதைத்துப் பார்க்கலாம். என் நேரம் முடிந்தது.

வழக்கமாகத் திரும்பும் இடம் வந்தது. அவர் திரும்பவில்லை. டோல்கேட்டைத் தாண்டி நேராகப் போனார்.

"லைட்டு அணைஞ்சிட்டு" என்றேன்.

"பாத்தேன்."

மலை ஏற்றம் தொடங்கியது. அவர் ஒரு கியரைக் குறைத்தார். "கொத்தனாருக்கு நாளைக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லிருதேன். நீ இல்லாம நான் அங்க மாடில ஏறி என்ன செய்யப் போறேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு மனிதர் வருஷக்கணக்காக மனத்துக்குள் கட்டிய வீட்டை நான் சீட்டில் உட்கார்ந்தபடியே இடித்திருந்தேன். அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வேற?" என்றார்.

"வேற என்ன?"

"நான் எந்திரிச்சுப் போனதுல விட்டுப்போனது வேற இருக்கும்லா. சொல்லு. லோனாவ்லா வரைக்கும் ரோடு கெடக்கு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமான முதல் மாதத்திலிருந்து ஆரம்பித்தேன்.