வெற்றிச்செல்வனின் வைன் நோட்டு

“ஏனுங்க சார், இதுக்கும் பால் ஊத்தோணுமா?” என்று முதலில் கேட்டது வீரம்மாதான்.

“ஊத்துங்கக்கா. டீக்குப் பால் ஊத்துனாத்தான நெறம் தெரியுது? இதையும் பாத்துருவோம்,” என்றார் வெற்றிச்செல்வன்.

வீரம்மா வெள்ளைக் கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டி பால் விட்டாள். அவர் அதன்மேல் வைன் பாட்டிலைச் சாய்த்தார். பால் திரிந்து ஊதா நிறத்தில் கட்டி கட்டியாக மிதந்தது.

“எங்க ஊட்டுக்காரரு குடிச்சுப்போட்டு வந்து வாந்தி எடுத்தா இப்பிடித்தான் இருக்கும்,” என்றாள் வீரம்மா.

“சோறு திங்கற நேரத்துல பேசற பேச்சாக்கா இது?”

“நானா ஊத்தச் சொன்னேன்? நீங்கதான சொன்னீங்க.”

வெற்றிச்செல்வன் பேனாவோடு நின்ற பிரியாவின் பக்கம் திரும்பினார். “எழுதிக்கம்மா.”

“என்னன்னு எழுதறதுங்க சார்?”

“நாசிக். பால் ஆகாது.”

நோட்டின் முதல் வரி அதுதான். நான்கு வருடம் கழித்தும் அந்தப் பேச்சு பிரியாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

குன்னூருக்குக் கீழே, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் போடும் ஃபேக்டரி ஒன்றில் வெற்றிச்செல்வன் டீ டேஸ்டர். வயது ஐம்பத்தொன்று. தினமும் காலையில் நாற்பது கப் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சுவார். அந்தச் சத்தம் கேட் வரை கேட்கும். நாக்கில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் துப்புவார். கப் கழுவுவதும் தண்ணீர் கொதிக்க வைப்பதும் வீரம்மாவின் வேலை. அவர் சொல்வதை எழுதுவது பிரியா. எட்டாவது வரை தமிழிலும் அதன்பிறகு ஆங்கிலத்திலும் படித்தவள் என்பதால் அவளுக்கு அந்த வேலை வந்தது. தாளின் இடப்பக்கம் அவர் சொன்ன தமிழ், வலப்பக்கம் தூளை ஏலத்தில் விற்கும் புரோக்கர்களுக்குப் புரியும் ஆங்கிலம். அவள் அதிகம் பேசமாட்டாள். அது அவருக்கு வசதியாக இருந்தது. “நீ பேச ஆரம்பிச்சா எனக்கு நாக்குல இருக்கறது ஓடிப்போயிரும்,” என்பார்.

அவர் குடிக்கிறவர் இல்லை. ஒரு புத்தாண்டுக்கு, தூள் வாங்க வந்த வியாபாரி ஒருவர் நாசிக்கில் செய்த வைன் பாட்டில் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார். வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி மகாலட்சுமி வாசலிலேயே நிறுத்துவாள் என்று டேஸ்டிங் ரூமிலேயே திறந்தார். பால் சோதனை தோற்றபிறகு வெறும் வைனை ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பினார். நாக்கின் ஓரத்தை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. “அட, இது நம்ம சரக்குதானப்பா!” என்றார்.

அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார். அங்கே வெளிநாட்டுச் சரக்கு விற்கும் எலைட் மதுக்கடையில் ஒவ்வொரு பாட்டிலின் பின்பக்கத்தையும் அரைமணி நேரம் படிப்பார். ஒன்றே ஒன்று வாங்குவார், எப்போதும் சிவப்புதான். “வெள்ளைல துவர்ப்பு ஏது?” கடைக்காரப் பையன்கள் அவரைக் கண்டாலே உள்ளே போய்விடுவார்கள். பாட்டில் சாம்பிள் பையில் சுற்றப்பட்டு மலையேறும். சனிக்கிழமை மதியம், டீ வேலை முடிந்ததும் திறப்பார். உறிஞ்சுவார், துப்புவார், பிரியா எழுதுவாள். மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றும்போது வீரம்மா விலை கேட்டு வயிறெரிவாள்.

சிலி நாட்டு வைனுக்கு அவர் சொன்னது: “மழை விட்ட மக்காநாள் கிள்ளுன கொளுந்து. கூடவே பச்சமொளகாக் காம்பு.” ஹம்பிப் பக்கத்து வைனுக்கு, “சுட்ட கல்லுல தண்ணி தெளிச்ச வாசம்.” ஆஸ்திரேலியாவுக்கு ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். “தைலம் காய்ச்சற கொட்டாய்க்கு வெளிய நிக்கற மாதிரி இருக்கும்மா.”

“அதுக்கு ஆஸ்திரேலியாக்காரனுக்கு எதுக்குங்க காசு? இத்தலார் ரோட்டுல நின்னா ஓசியிலயே வருமே,” என்றாள் வீரம்மா.

“அங்கயும் யூகலிப்டஸ்தானக்கா. மரமே அவன் ஊர்ல இருந்து வந்ததுதான்.”

அதே வியாபாரி பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்த போர்தோ வைன் பாட்டில் ஒன்று, சாம்பிள் டின்களுக்குப் பின்னால் இரண்டு வருடமாகப் படுத்துக் கிடந்தது. மற்ற ஊர் வைனெல்லாம் தெரிந்தபிறகுதான் அதைத் திறப்பது என்று வைத்திருந்தார்.

இந்த ஜனவரியில் அவருக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தார். உறிஞ்சும் சத்தத்தில் மாற்றமில்லை. அந்தச் சனிக்கிழமை புதிதாக வாங்கிய சிலியைத் திறந்து உறிஞ்சினார், துப்பினார், தண்ணீர் குடித்தார், மறுபடி உறிஞ்சினார். அலமாரியில் திறக்காமல் இருந்த ஒரு நாசிக்கையும் திறந்தார்.

“ரெண்டையும் ஊத்தி, எனக்குத் தெரியாம மாத்தி மாத்தி வையும்மா,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

பிரியா ஆறு முறை வைத்தாள். நான்கு முறை தப்பாகச் சொன்னார். துவர்ப்பு மட்டும் தெரிகிறது என்றார். அன்றைக்கு நோட்டில் எதுவும் எழுதச் சொல்லவில்லை.

டீயில் அவரால் சமாளிக்க முடிந்தது. தூளைப் பார்த்தால், கையில் தேய்த்தால், கப்பின் நிறத்தைக் கண்டால், எந்தத் தோட்டத்து இலை என்பதுகூட அவருக்குத் தெரியும். மீதியை இருபத்திரண்டு வருடப் பழக்கம் சொல்லிக்கொடுத்தது. பிரியாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. பழைய தாள்களை எடுத்துப் பார்த்தாள். போன வருடம் ஜனவரியில் சொன்ன வார்த்தைகளையே, கிட்டத்தட்ட அதே வரிசையில், அவர் இந்த வாரமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சொன்னபடியே எழுதினாள். மூக்கு போன டேஸ்டரை எந்த ஃபேக்டரியும் வைத்துக்கொள்ளாது என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை, அவர் பன்னிரண்டு கப் பார்த்து, “சுத்தம். அனுப்பலாம்,” என்றார். மதியத்துக்குள் மாதிரிப் பொட்டலங்கள் புரோக்கருக்குப் போயாக வேண்டும்.

கப்பை எடுக்க வந்த வீரம்மா முகத்தைச் சுளித்தாள். “என்னுங்க இது, அடுப்படியாட்டப் பொகை நாறுது?”

வெற்றிச்செல்வன் அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார். பிரியா பேனாவை வைத்தாள்.

“சார், வலப்பக்கம் இன்னும் எழுதலீங்க.”

“ஏம்மா?”

“அக்காவுக்குப் பொகை வாடை வருதுங்க.” சற்றுப் பொறுத்து, “எனக்கும் வருதுங்க,” என்றாள்.

அவர் திரும்பி வந்து ஒரு கப்பை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். அதை அப்படியே வெகுநேரம் பிடித்திருந்தார்.

“எத்தன கப்புலம்மா?”

“பன்னெண்டுலயும்ங்க.”

தாளை வாங்கி, இடப்பக்கம் இருந்ததைத் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தார். பிறகு நேராக முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் வெளியே கேட்டது. “இந்தத் தூள் லாட்டை நிறுத்துங்க. டிரையர்ல எங்கியோ பொகை உள்ள வருது. எனக்கு மூணு வாரமா வாசம் தெரியறதில்லீங்க. முன்னயே சொல்லியிருக்கோணும். தப்புத்தான்.”

இலை காயவைக்கும் டிரையரின் குழாயில் விரல் அளவு ஓட்டை இருந்தது. லாட் வெளியே போகவில்லை. முதலாளி கத்தவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பக்கத்து ஃபேக்டரியிலிருந்து தற்காலிகமாக ஒருவரை வரவழைத்தார். வெற்றிச்செல்வனை மாடியில் இலை வாட்டும் இடத்துக்கு அனுப்பினார். அங்கே கண்ணும் கையும் போதும். மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஸ்வெட்டரில் இலைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. டின்களை நகர்த்தி போர்தோவை எடுத்தார்.

“பால் ஊத்தட்டுங்களா?” என்றாள் வீரம்மா.

அவர் சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பிரியா பார்த்தாள். ஒரே ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். அதை மேசைமேல் அவள் பக்கம் தள்ளிவிட்டு, நோட்டையும் பேனாவையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சார், நான் இதெல்லாம்...”

“முழுங்க வேண்டாம். துப்பிரு. நான் இத்தன வருசம் துப்புனதுதான?” பேனா மூடியைக் கழற்றினார். “ஒண்ணு மட்டும் கேக்கறேன் பிரியா. கொளுந்து, தைலக் கொட்டாய், இப்பிடி நான் சொன்னது எதையும் திருப்பிச் சொல்லாத. உனக்கு என்ன தெரியுதோ அத உன் வார்த்தைல சொல்லும்மா. மெதுவாச் சொல்லு, நான் எழுதிக்கறேன்.”