என் இடுப்பின்மேல் ஒரு வேண்டுதல்

திருப்பதியில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் செமஸ்டரில் எனக்கு இரண்டு தொல்லைகள். பாடமெல்லாம் இங்கிலீஷில் ஓட, வகுப்பில் நெஞ்சு படபடக்கும். அதற்கு மருந்து என்று உடற்கல்வி மேடம் காலையில் மைதானத்தில் குனியச் சொன்னால், இடுப்பு பிடித்துக்கொள்ளும். உடம்பு வளைந்தால் மன அழுத்தம் ஓடிவிடும் என்பது அவர் கட்சி. எனக்கோ அவரைப் பார்த்தாலே அழுத்தம் ஏறியது. முழங்காலுக்குக் கீழே என் கை போனதே இல்லை.

படிப்பை விட்டுவிடுவது என்று முடிவு செய்து பெட்டியும் கட்டிவிட்டேன். அம்மாவிடம் சொல்வதுதான் பாக்கி. அதற்குள் அம்மாவே எங்கள் ஊர் புத்தலப்பட்டிலிருந்து மஞ்சள் கிண்ணமும் குங்குமப் பொட்டலமுமாக வந்து இறங்கினாள். எனக்கு சீட்டு கிடைத்தால் திருமலைக்கு நடந்து ஏறி, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். வேண்டிக்கொண்டது அவள், வைக்க வேண்டியது நானாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலையடிவாரத்தில், படிகள் ஆரம்பிக்கும் அலிபிரியில் தொடங்கினோம். குனி, மஞ்சள் தடவு, பொட்டு வை, நிமிர். மேடம் பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். அம்மா கிண்ணத்தோடு பின்னால் மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கீழ ஒரு படிய வுட்டுட்ட மே. எறங்கி வச்சிட்டு வா."

பாதி வழியில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எம்மா, நான் படிப்ப நிறுத்திடறேன். கிளாஸ்ல உக்காந்துகினு இருந்தாலே அழுகை வருது."

திட்டுவாள் என்று பயந்தேன். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுதுகினா இருந்த? போன்ல ஒரு வார்த்த சொல்லலியே!"

அவள் கண் கலங்கியது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்தறதுன்னா நிறுத்து. உங்க நைனாகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா சீட்டுக்குன்னுதான இந்தப் பொட்டெல்லாம்? சீட்டே வேணாம்னா வச்சதெல்லாம் வேஸ்ட்டு. இப்பவே சொல்லு, எறங்கிடலாம்."

கீழே பார்த்தேன். நான் வைத்த பொட்டுகள் வளைவு வரைக்கும் வரிசையாகத் தெரிந்தன. அவ்வளவையும் வீணாக்க மனம் வரவில்லை. சாமிமேல் பக்தி என்று சொல்லமாட்டேன். என் இடுப்பின்மேல் பாசம்.

"கிண்ணத்த குடு" என்றேன்.

திங்கட்கிழமை மைதானத்தில் அசையாமல் நின்றேன். மேடம் அருகில் வந்து, "ஸ்ட்ரெஸ் இப்புடு எலா உந்தி?" என்று, அழுத்தம் இப்போது எப்படி இருக்கிறதென தெலுங்கில் அன்பாக விசாரித்தார்.

"தெரியல மேடம்" என்றேன். "இடுப்பு வலியில அத கவனிக்கவே இல்ல."