பெரியம்மாவுக்குத் தெரிந்த ஒரே எண்

எங்கள் வீட்டுத் தொலைபேசியை இணைய இணைப்புக்கு மாற்றுவதற்கு முன் ஒரு பட்டியல் போட்டேன். எண் மாறக் கூடாது. பழைய போனையே புதிய பெட்டியில் செருக முடிய வேண்டும். மணிச் சத்தம் அடுக்களை வரை கேட்க வேண்டும். கூப்பிடுகிறவர் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தேவை இருக்கக் கூடாது. இன்னும் ஏழெட்டு வரிகள் இருந்தன. நெட்வொர்க் படித்து அதிலேயே வேலை பார்க்கிறவள் நான். எதையும் விட்டிருக்க மாட்டேன் என்று நம்பினேன்.

அந்தப் பட்டியல் உண்மையில் ஒரே ஆளுக்காகப் போட்டது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, குருவிகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருடமாக நினைவு நழுவிக்கொண்டிருக்கிறது. பெரியப்பா இறந்தது சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. நேரில் போனால் அம்மாவையே யாரோ என்று பார்ப்பாள். ஆனால் எங்கள் வீட்டு எண் மட்டும் அவள் விரலில் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் பட்டன் செல்போனில் ஒவ்வொன்றாக அமுக்கிக் கூப்பிடுவாள். போனில் அம்மாவின் குரலை ஒருநாளும் மறந்ததில்லை.

"ஏட்டி, சாப்பிட்டியா? என்ன கொழம்பு?"

"நேத்து வச்சதுதாங்க்கா."

"ஏட்டி, ஒனக்கு என்னைக்கு அன்னன்னைக்கு வச்சு பழக்கம்."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி, "என்ன கொழம்பு?" என்பாள். அம்மாவும் முதல் தடவை கேட்டதுபோலப் பதில் சொல்லுவாள்.

பழைய கம்பி மழைக்கு மழை அறுந்துகொண்டிருந்தது. இனிமேல் அதைப் பழுதுபார்க்க ஆள் வராது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் மாற்றினோம். "இனிமே கொரகொரன்னு வராது பாப்பா. பக்கத்துல நின்னு பேசுத மாதிரி இருக்கும்" என்றார் பெட்டி மாட்ட வந்தவர். அப்படித்தான் இருந்தது. முதல் நாளே பெரியம்மா, "எங்கன இருந்து பேசுத? இங்கன வந்திருக்கியா?" என்று கேட்டாள். அன்றைக்கு அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள்.

எங்கள் சங்கரன்கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா கழிந்து மூன்று வாரத்தில், சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக நான்கு நாள் மதுரைக்குப் போனோம். அப்பா தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வருவது அவர் வழக்கம். வெளியூர் போகும்போது வீட்டிலும் அதையே செய்வார். அன்றும் இறக்கினார். நான் ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய போனுக்கு மின்சாரம் கம்பி வழியாகவே வந்துவிடும். முன்பெல்லாம் நாங்கள் ஊரில் இல்லாதபோது பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்துக்கொண்டிருக்கும். தங்கச்சி எங்கேயோ போயிருக்கிறாள் என்று பெரியம்மா வைத்துவிடுவாள். புதிய பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். இது எனக்குத் தெரியும். வேறு யாராவது கேட்டிருந்தால் முதல் வரியாகச் சொல்லியிருப்பேன். மழைக்கால மின்வெட்டுக்கு ஒரு சிறிய யுபிஎஸ் கூட வாங்கி வைத்திருந்தேன். அது இரண்டு மணி நேரம் தாங்கும்.

நடந்ததைப் பெரியம்மா மகன்தான் பிறகு சொன்னான். முதல் நாள் மூன்று மணிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். மணி அடிக்கவில்லை; பதிவு செய்த ஒரு பெண் குரல் வந்திருக்கிறது. மறுபடியும் அதே குரல். எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். மறுநாள் கடைசி எண்ணை மாற்றிப் பார்த்திருக்கிறாள், அப்புறம் நடுவில் இரண்டை. யார் யாரோ எடுத்திருக்கிறார்கள். ஒருவர் திட்டியிருக்கிறார். நான்கு நாளும் சரியான எண்ணைத் திருத்திக்கொண்டே இருந்தவளுக்கு, நாங்கள் திரும்பி வந்தபோது அந்த எண் விரலில் இல்லை.

ஒரு வாரம் மூன்று மணிக்கு அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் கிராமத்துக்குப் போய், எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். பெரியம்மா அதை எழுத்துக்கூட்டுவதுபோல ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"இது இல்ல. இதுல வேற ஒரு பொம்பள பேசுதா" என்றாள்.

ஒரே பட்டனை அமுக்கினால் எங்களுக்கு வரும்படி அவள் போனில் வைத்துக் கொடுத்தேன். அதையும் தொட மறுத்துவிட்டாள்.

அம்மாவிடம் காரணத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் சேலை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்து முடித்தாள்.

"அப்பாட்ட சொல்லாத. அவுக தாங்க மாட்டாவ."

"நான்தாம்மா பாத்திருக்கணும்."

அம்மா மடித்த சேலையை அலமாரியில் வைத்தாள்.

இப்போது மூன்று மணிக்கு அம்மாதான் கூப்பிடுகிறாள். மகன் போனை எடுத்துப் பெரியம்மா காதில் வைக்கிறான். லைன் சுத்தமாக இருப்பதால் பக்கத்தில் நிற்கும் எனக்கும் எல்லாம் கேட்கிறது.

"யாரு பேசுதிய?"

"நாந்தாங்க்கா. சங்கரன்கோயில்ல இருந்து."

"அப்பிடியா? அங்கன எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா." குரலில் வெளியாளுக்குரிய மரியாதை. "தெனம் பேசுவா. இப்பம் போன எடுக்கவே மாட்டேங்கா. என்ன கோவமோ தெரியல. நீங்க அந்தப் பக்கம் போனா கொஞ்சம் கேளுங்க."

அம்மா ரிசீவரைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"கோவம்லாம் இல்லைக்கா" என்றாள். "நான் போய்ப் பாத்துச் சொல்லுதேன்."